ஐந்தாம் கொடியில் தொங்கிய அட்டை

இரண்டாம் வகுப்பு டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘அடுத்த வருஷம் டீச்சர்’. பிள்ளைகள் வைத்ததா, சக ஆசிரியர்கள் வைத்ததா என்று யாருக்கும் தெரியாது. நிலா ஏன் தேய்கிறது என்று ஒரு வாண்டு கேட்டால், “நல்ல கேள்வி. அது மூணாம் கிளாஸ்ல வரும். அடுத்த வருஷம்” என்பார். கேட்ட பிள்ளையின் முகம் தொங்கிப்போனால் தலையைத் தடவிக் கொடுப்பாரே தவிர, பதிலை மட்டும் அவிழ்க்க மாட்டார். கல்யாணத்தையும் இப்படி அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டுத்தான் கடைசியில் செய்துகொள்ளாமலே விட்டார் என்று ஆசிரியர் அறையில் ஒரு கேலி ஓடும். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே பாடம் நடந்த லட்சணத்தைக் கேட்டால் நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். கடிகாரம் பார்ப்பதை ஒன்றாம் வகுப்பிலும் சொல்லிக்கொடுத்தார்கள், இரண்டாம் வகுப்பிலும், மூன்றாம் வகுப்பிலும். ஏனென்றால் எல்லாரிடமும் அட்டையில் வெட்டிய கடிகாரம் ஒன்று இருந்தது. தராசு யாரிடமும் இல்லை. அதனால் எடை போடுவதை யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை. நான்காம் வகுப்புக்கு வருகிற பிள்ளை மணியைக் கேட்டால் டாணென்று சொல்லும். ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் என்றால் திருதிருவென்று விழிக்கும். மேல் வகுப்பு ஆசிரியர் கீழ் வகுப்பு ஆசிரியரைக் குறை சொல்வார், அவர் பெற்றவர்களைக் குறை சொல்வார். பெற்றவர்கள் பிள்ளையின் முதுகில் இரண்டு வைப்பார்கள்.

இதற்கு முடிவு கட்டியவர் நம் டீச்சர்தான். ஒரு வருடம் முழுப்பரீட்சை விடுமுறையில் மாடிக் கூடத்தின் ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணி வரைக்கும் ஐந்து நைலான் கயிறுகளை இழுத்துக் கட்டினார். ஒரு வகுப்புக்கு ஒரு கொடி. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொன்றையும் ஒவ்வோர் அட்டையில் எழுதச் சொன்னார். கூட்டல் ஓர் அட்டை, கடிகாரம் ஓர் அட்டை, மழை ஓர் அட்டை, கடிதம் எழுதுவது ஓர் அட்டை. துணி மாட்டுகிற கிளிப்பால் அவற்றைக் கொடியில் மாட்ட வேண்டும். எந்தக் கொடியில் அட்டை தொங்குகிறதோ அந்த வகுப்பு ஆசிரியர்தான் அந்த வருடம் அதற்குப் பொறுப்பு. கீழ் வகுப்புக்காரர் அதைத் தொடக்கூடாது. மேல் வகுப்புக்காரர் அது தெரியாது என்று புலம்பக்கூடாது. ஓர் அட்டையை வேறு கொடிக்கு மாற்ற வேண்டுமென்றால் இரண்டு வகுப்பு ஆசிரியர்களும் சேர்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். ஒருவர் கை மட்டும் பட்டால் செல்லாது. வாட்ச்மேன் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, “மழை வர்ற மாதிரி இருக்கு டீச்சர், எல்லாத்தையும் உள்ள எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேலி போகட்டும், அந்த ஏற்பாடு வேலை செய்தது. அதற்குப் பிறகு தராசு வந்தது. ஒரே பாட்டை மூன்று வகுப்பில் பாடுகிற கூத்து ஒழிந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து கூட வந்து பார்த்துவிட்டுக் கயிறு வாங்கிப் போனார்கள். வருடா வருடம் விடுமுறையில் கொடி கட்டுகிற நாள் வந்தால் டீச்சர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். சொந்தமாக வீடு கட்டியவர்கள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்களே, அப்படி அட்டைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

சண்டை வந்தது ஒரே ஓர் அட்டையால்தான். ‘உயிருள்ளவை’ என்ற பாடத்தில் விதை, முளை, பூ, காய் எல்லாம் இரண்டாம் கொடிக்கு வந்தன. ‘இறப்பு’ என்று எழுதிய அட்டை மட்டும் மேசையில் கிடந்தது. அதையும் இரண்டாம் வகுப்பிலேயே வைத்துவிடலாம் என்றார் ஐந்தாம் வகுப்பு சார். வழுக்கைத் தலை, உரத்த குரல், வாயைத் திறந்தால் நக்கல்.

“பசங்க எறும்ப நசுக்குறாங்க. ரோட்டுல பூனை அடிபட்டுக் கிடந்தா கூட்டமா நின்னு பாக்குறாங்க. இதுக்குத் தனியா ஒரு வயசு வரணுமா டீச்சர்?”

“பாக்கறது வேற சார். பாடமா வந்தா கேள்வி வரும். எங்க அம்மா சாவாங்களா, நான் சாவேனான்னு கேக்கும். ஏழு வயசுப் புள்ள அந்த பதில வாங்கி எங்க வச்சிக்கும்?”

“சரி, எந்தக் கிளாஸ்ல செத்தா நமக்கு வசதி?”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு சாரும் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அட்டை ஐந்தாம் கொடியின் கடைசிக்குப் போனது.

டீச்சருக்கு ஏழு வயதில் அம்மா போய்விட்டாள். அன்று கூடத்தில் நின்ற கூட்டத்தில் யாரோ ஒரு மாமா அவரை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி, “நல்லாப் பாத்துக்கோம்மா, இனிமே பாக்க முடியாது” என்று காட்டினார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். அந்த முகம் அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் தூக்கத்தில் வந்து நின்றது. தூங்கப் பயந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த சிறுமிதான் பின்னாளில் டீச்சராகி, தன் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் அது நேரக்கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டார். இதை அவர் சாரிடம் சொல்லியிருக்கலாம். யாரிடமும் சொன்னதில்லை.

சில வருடங்கள் கழித்து அவர் வகுப்புக்கு ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். பேச்சுக்குப் பேச்சு மல்லுக்கு நிற்பாள். அதனால் வகுப்பே அவளை ‘வக்கீல்’ என்று கூப்பிட்டது. டீச்சரின் பருப்பு அவளிடம் வேகவில்லை.

“அடுத்த வருஷம் நீங்க எங்க டீச்சர் இல்லையே. அப்புறம் எப்படி நீங்க சொல்லுவீங்க? இப்பவே சொல்லிடுங்க.”

“மூணாம் கிளாஸ் டீச்சர் சொல்லுவாங்கடி.”

“அவங்ககிட்ட நான் கேக்கலையே. உங்ககிட்டதான கேட்டேன்?”

வக்கீலுக்குப் பக்கத்து இடம் தையலம்மாவின் மகளுக்கு. தையலம்மா பள்ளிக்கூடத் தெருவிலேயே ஒரு சின்னக் கடையில் மிஷின் போட்டு, பிள்ளைகளின் சீருடையெல்லாம் தைத்துக் கொடுப்பவர். மகள் அதிகம் பேச மாட்டாள். பேசுகிற வேலையை வக்கீலிடம் மொத்தமாகக் குத்தகைக்கு விட்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே ரப்பரை வைத்துக்கொண்டு அழித்தார்கள். ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டார்கள்.

மழைக்காலத்தில் வக்கீலுக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், பிறகு வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அவள் திரும்பி வரவில்லை. பெரிய டீச்சருக்கு, அதாவது தலைமையாசிரியைக்கு, காலையில் போன் வந்தது. அவர் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“பிள்ளைங்ககிட்ட என்ன சொல்றது?” என்றார் பெரிய டீச்சர்.

எல்லார் கண்ணும் இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் போய் நின்றது. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் பதில் தயாராக இருந்தது.

“அவ அப்பாவுக்கு வேலை மாத்தல் ஆயிடுச்சு, வேற ஊர் ஸ்கூல்ல சேந்துட்டான்னு சொல்லிடலாம்.”

“பின்னாடி தெரிஞ்சா?” என்று கேட்டார் ஐந்தாம் வகுப்பு சார். அன்று அவர் குரலில் நக்கல் இல்லை.

“பின்னாடி உங்க கிளாஸ்ல அந்தப் பாடம் வருதே சார். அப்ப நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. அதுக்குள்ள அதுங்களுக்கும் வயசு வந்துடும்.”

பார்த்தீர்களா, ஒரு குழந்தையின் சாவுக்கும் கொடியில் இடம் போட்டாகிவிட்டது. அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அது விபரீதமாகப் படவில்லை. யார் பிள்ளைகளிடம் போய்ச் சொல்வது என்று நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு விட்டது தொல்லை என்று இருந்தது. சாயங்காலம் வாசலில் நின்று பெற்றவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவர்களும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். வக்கீலின் வீடு ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. அடுத்த மாதமே அந்தக் குடும்பம் காலி செய்துகொண்டு நிஜமாகவே வேறு ஊருக்குப் போய்விட்டது. பொய்யைக் காப்பாற்ற இதைவிட வசதி வேறென்ன வேண்டும்!

தையலம்மா மட்டும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கழுத்தில் டேப் தொங்க, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒரு நாள் எம் பொண்ணு கேப்பாளே டீச்சர். அன்னிக்கு யாரு சொல்றது?”

“அஞ்சாம் கிளாஸ்ல பாடமே வச்சிருக்கோம்மா.”

“அதுவரைக்கும் இவ அவளுக்காகக் காத்துக்கிட்டே இருப்பாளே.”

“குழந்தைங்க மறந்துடும்மா. நீங்க கவலப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்.”

அந்த அம்மா டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிப் போனார்.

மகளோ மறப்பதாக இல்லை. வக்கீல் உட்கார்ந்த இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டு, யாரையும் அங்கே அண்ட விடவில்லை. எப்போது வருவாள், எப்போது வருவாள் என்று தினமும் நச்சரித்தாள். சாப்பாட்டு டப்பாவைப் பாதியோடு மூடி வைத்தாள். பார்க்கப் பார்க்க டீச்சருக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும், முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டு, “நேத்து யாரு போன் பண்ணா தெரியுமா? நம்ம வக்கீல்! எல்லாருக்கும் ஹலோ சொல்லச் சொன்னா. புது ஸ்கூல்ல ஊஞ்சல்லாம் இருக்காம்” என்றார். வகுப்பே ஹோவென்று கத்தியது. பிறகு தையலம்மா மகளின் பக்கம் திரும்பி, “உனக்குத் தனியா ஒரு ஹலோ. பக்கத்துல வேற யாராவது உக்காந்தா அவ கோச்சுக்க மாட்டாளாம்” என்றார்.

அன்று மத்தியானம் அவள் டப்பாவைக் காலி செய்தாள். பை தரைக்கு இறங்கியது. வேறொரு சிறுமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மருந்து கேட்டுவிட்டது என்று டீச்சருக்குப் பெரிய ஆறுதல். அந்த வருடம் முடிவதற்குள் இன்னும் இரண்டு மூன்று ஹலோக்கள் வந்தன.

பிறகு அந்த வகுப்பு மூன்றாவதுக்குப் போனது, நான்காவதுக்குப் போனது, ஐந்தாவதுக்கும் வந்துவிட்டது. ஐந்தாம் கொடியின் கடைசி அட்டை வந்த வாரம் டீச்சர் சாரைத் தனியாகப் பிடித்தார்.

“சொல்லிட்டீங்களா சார்?”

சார் வழுக்கையைத் தடவிக்கொண்டார். “இலை உதிர்றதச் சொன்னேன். ஆடு மாடு, பட்டாம்பூச்சி எல்லாம் சொன்னேன். அதுக்கு மேல வாய் வரல டீச்சர். அதுங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இந்தக் காலத்துப் புள்ளைங்க, நமக்கு மேல.”

டீச்சரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

அதே வருடம் தையலம்மா படுத்த படுக்கையானார். வயிற்றில் ஏதோ கட்டி என்றார்கள். மிஷின் மேல் துணியைப் போட்டு மூடினார்கள். கடைக் கதவு பாதி திறந்து கிடந்த நாட்கள் போய், முழுவதும் சாத்திய நாட்கள் வந்தன. அவர் மகன், மகளுக்குத் தம்பி, இப்போது டீச்சரின் இரண்டாம் வகுப்பில் இருந்தான். அவன் சட்டையில் ஒவ்வொரு பொத்தானும் ஒவ்வொரு நிறம். கடையில் மிஞ்சியதையெல்லாம் அம்மா அவனுக்குத் தைத்துவிடுவார். அதனால் அவனுக்குப் பெயர் ‘பட்டன்’. சிரித்த முகம், டீச்சர் எதைச் சொன்னாலும் நம்புகிற ஜாதி.

ஒரு வெள்ளிக்கிழமை தையலம்மா இறந்துபோனார். அவர் கணவர் பஸ் டிரைவர். பாதி வழியில் சேதி கேட்டு, வண்டியை மாற்று ஆளிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தார். பட்டனைப் பக்கத்துத் தெரு வீட்டில் விட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் கூட்டிவந்தார்கள். வீட்டில் அம்மா இல்லை. எங்கே என்று கேட்டான். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அக்கா சொன்னாள், அம்மாவை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று.

அடுத்த வாரம் மத்தியான இடைவேளையில் அக்காக்காரி டீச்சரின் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். பத்து வயது. தலையைத் தானே வாரிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது, வகிடு கோணியிருந்தது. டீச்சர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவள் அழவில்லை. பெரிய மனுஷி மாதிரி விலகி நின்று, வந்த காரியத்தைச் சொன்னாள்.

“தம்பி ராத்திரில்லாம் அம்மா எங்கன்னு கேக்கறான் டீச்சர். வேற ஊர் ஆஸ்பத்திரில இருக்காங்கன்னு சொல்லியிருக்கேன். என்னை நம்ப மாட்டேங்கறான். நீங்க சொன்னா நம்புவான்.”

“உங்கப்பா என்னம்மா சொல்றாரு?”

“அப்பா பேசறதே இல்ல. நீ பாத்துக்கோம்மான்னுட்டாரு.” கொஞ்சம் தயங்கினாள். “டீச்சர், வக்கீல் எங்களுக்கு ஹலோ சொன்னான்னு நீங்க வந்து சொல்லுவீங்கல்ல? அது எனக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. அன்னிக்குத்தான் நான் ஒழுங்கா சாப்பிட்டேன். அதே மாதிரி அம்மா போன்ல ஹலோ சொன்னாங்கன்னு இவன்கிட்ட சொல்லுங்க டீச்சர்.”

டீச்சருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு, என்ன செய்தாய் என்று சொல்லிக்காட்ட வந்திருக்கிறாள் இந்தப் பெண் என்று பட்டது. ஆனால் அந்த முகத்தில் குத்தல் எதுவும் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. தெரிந்தும் மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது, குழந்தைகள் எவ்வளவு பெரியவர்கள் என்று டீச்சர் தனக்குள் நெகிழ்ந்துபோனார். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்?

மறுநாள் காலையில் பட்டனைத் தனியாக மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, அம்மா போன் செய்ததாகவும், ஹலோ சொல்லச் சொன்னதாகவும், சமர்த்தாகச் சாப்பிட வேண்டுமாம் என்றும் சொன்னார். அவன் முகம் பூவாக மலர்ந்தது. வகுப்பைச் சுற்றி ஓடி எல்லாரிடமும் சொன்னான். ஜன்னல் வழியாக அக்கா பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

இந்த முறை மருந்து கேட்கவில்லை. மூன்றாம் நாளே பட்டன் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். கணக்கு போடச் சொன்னால் சிலேட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் டீச்சரின் மேசையையே சுற்றினான். டீச்சரின் கைப்பையில் போன் ஒலித்தபோதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒரு சாயங்காலம் டீச்சர் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து நின்றான்.

“டீச்சர், அம்மா உங்ககிட்ட மறுபடி பேசினாங்களா?”

“இல்லடா கண்ணா.”

“உங்ககிட்ட பேசறாங்க. எங்கிட்ட ஏன் பேச மாட்டேங்கறாங்க? அப்பா போன் வீட்டுலதான இருக்கு.” உதடு கோணியது. “அவங்க படுத்திருந்தப்போ ஊசி டப்பாவக் கொட்டிட்டேன் டீச்சர். எல்லா ஊசியும் கட்டில்ல விழுந்துடுச்சு. அம்மா கத்தினாங்க. அந்தக் கோவம் இன்னும் போகலையா? நான் சாரி சொன்னேன்னு சொல்றீங்களா?”

டீச்சர் அப்படியே அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

செத்த அம்மாவுக்கு வாய் கொடுத்தது அவர்தான். இப்போது வாய் இருந்தும் தன்னோடு அவள் பேசவில்லை என்று பிள்ளை தவிக்கிறது. தன் ஏழு வயதை நினைத்துப் பார்த்தார். அந்த முகம் கனவில் வந்தது உண்மை, பயந்தது உண்மை, சுவரோடு ஒட்டிக்கொண்டது உண்மை. ஆனால் அம்மா தன்மேல் கோபித்துக்கொண்டு வராமல் இருக்கிறாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த மாமாவை வாழ்நாளெல்லாம் மனதுக்குள் திட்டியிருக்கிறார். தூக்கிக் காட்டியதோடு விட்டாரே, அவராவது பொய் சொல்லவில்லை என்று அன்று முதல் தடவையாகத் தோன்றியது.

மறுநாள் காலையில் பஸ் டிப்போவுக்கே போய் டிரைவரைப் பார்த்தார். டீச்சர் சொன்னதை அவர் ஒரு டயரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டார்.

“சொல்லித்தான் ஆகணும். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும், சார். நான் சொல்றேன்.”

“எனக்கு அந்த வார்த்தையே வாயில வரமாட்டேங்குது டீச்சர்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் பாட்டுக்கு ஒரு பச்சப்புள்ள தலையில எல்லாத்தையும் கட்டிட்டு வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன். சாயங்காலம் வர்றேன்.”

சாயங்காலம் வகுப்பு காலியானதும் நான்கு பேரும் உள்ளே இருந்தார்கள். டிரைவர் காக்கிச் சட்டையோடு, பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார். பட்டன் அவர் காலுக்கு நடுவில் நின்றான். அக்கா கரும்பலகை ஓரமாக, புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல் நின்றாள். எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. வேண்டாம் என்று டீச்சரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

டீச்சர் பட்டனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். போய்விட்டாள், சாமிகிட்ட இருக்கிறாள், நட்சத்திரமாகிவிட்டாள் என்று எத்தனையோ சொற்கள் நாக்குநுனிக்கு வந்தன. எல்லாவற்றையும் விழுங்கினார்.

“உங்கம்மா செத்துப்போயிட்டாங்கடா. உடம்பு ரொம்ப முடியாம செத்துப்போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க. அவங்களுக்கு உன்மேல கோவமே இல்ல.”

பட்டன் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஆமாம் என்று தலையசைத்தார். அவர் தோள் குலுங்கியது. பையன் மறுபடி டீச்சரைப் பார்த்தான்.

“அப்போ ஹலோ சொன்னது?”

“நான்தான் சொன்னேன். அம்மா போன் பண்ணவே இல்ல. நான் பொய் சொன்னேன்.”

அவன் அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். இத்தனை நாளும் அடக்கிவைத்திருந்த அழுகை. டிரைவரும் வாய்விட்டு அழுதார். வெளியே பெருக்கிக்கொண்டிருந்தவரின் துடைப்பம் நின்றது. டீச்சர் அவன் முதுகைத் தடவக் கையை நீட்டினார்; அவன் நகர்ந்துகொண்டான். அது அவருக்கு வேண்டியதுதான். வலித்தாலும் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. இனி இந்தப் பிள்ளை யாருக்காகவும் போன் மணியைக் கேட்டுக்கொண்டிருக்காது. செய்த தப்பைச் சரி செய்தாயிற்று என்று அவர் மூச்சு விட்டார்.

கரும்பலகைப் பக்கம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தார். அக்காக்காரி தம்பியையும் அப்பாவையும் பார்க்கவில்லை. டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. கணக்கில் ஒரு வரி தப்பாக இருந்தால் முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்ப்பார்களே, அப்படி எதையோ பின்னோக்கிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று ஹலோ கேட்டு வந்தபோது இந்தப் பெண் எதையும் சொல்லிக்காட்ட வரவில்லை. மன்னிக்கவும் இல்லை. மன்னிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. நிஜமாக வந்த ஒரு ஹலோவைப் போலத் தம்பிக்குப் பொய்யாக ஒன்று செய்து தரச் சொல்லி வந்தாள், அவ்வளவுதான்.

“டீச்சர்,” என்றாள். குரல் மிகச் சின்னதாக வந்தது. “வக்கீல் இப்ப எந்த ஸ்கூல்ல படிக்கிறா?”

டிரைவர் தலையை நிமிர்த்தினார். மனைவி அன்று வாசலிலிருந்து வந்து அவரிடம் என்ன சொன்னாரோ, அவருக்கு விஷயம் தெரியும். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். டீச்சர் தரையில் கையை ஊன்றி எழுந்தார். அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்று, சற்றுமுன் தம்பியிடம் சொன்ன அதே வார்த்தையை அவளிடமும் சொன்னார்.

“எப்போ?”

“நீங்க ரெண்டாம் கிளாஸ் படிக்கிறப்போ. அந்தக் காய்ச்சல்லயே.”

அவள் அழவில்லை. கீழே குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் மெதுவாக நடந்து போய், அப்பாவின் மறுபக்கத்தில், அவர்மேல் படாமல், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவிடம் இனி ஏன் என்று கேட்கவும் முடியாது.